செம்பூரில் மிரண்ட மாடுகள்

நாற்பதுகளில் பம்பாயில் விவசாய ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். படித்திருந்தேன், உழவும் தெரியும். செம்பூர் வயலில் ஏர் பூட்டி, உழுதுகொண்டே பாடம் சொல்லிக் காட்ட வேண்டும். அதுதான் தேர்வு.

நான் கிட்டே போனதுமே மாடுகள் மிரண்டு பின்வாங்கின. மறுபடி போனேன், கயிற்றை அறுக்கப் பார்த்தன.

"எங்கேப்பா வேலை பார்க்கறே?" என்று கேட்டார் தேர்வு அதிகாரி.

"தாராவியில தோல் பதனிடுத எடத்துல, ஐயா."

"அந்த வாடைதான். குளிச்சுட்டு வந்திருக்கப்படாதோ?"

"குளிச்சுட்டுத்தான் வந்தேன், ஐயா."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாடுகள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மறுநாள் வேலையில் முதல் தோலை விரித்தேன். கழுத்துப் பக்கம் நுகத்தடி அழுத்திய தழும்பு. எத்தனையோ தோல்களில் பார்த்ததுதான். அன்று என்னவோ, மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல் அதைத் தடவிக்கொடுத்தேன்.

அது மிரளவில்லை.