அருமைநாயகியின் மூக்கு

கருவாட்டுச் சாக்கை அவிழ்த்ததும் அருமைநாயகி உள்ளே கையை விடமாட்டார், முகத்தை விடுவார். “அடியிலை கிடக்கிறதுக்கு உப்புக் காணாது. திரும்ப வெயிலிலை போடவேணும்.” சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிக் கருவாடு நெகிழ்ந்துதான் இருக்கும். குருநகரில் அவருக்கு அடுத்த வீட்டில் இருக்கும் நான், அந்த மூக்குப் பிழை விட்டதை ஒருநாளும் கண்டதில்லை. என்னைத் தாண்டிப் போகும்போதே, “என்ன அண்ணை, பழங்கடதாசியளோடை இருந்தனீங்களோ?” என்பார். இருந்திருப்பேன்.

கனடாவிலிருந்து மகள் ஜெசிதா வாசனை எண்ணெய்க் குப்பிகள் அனுப்புவாள். கணவர் அருட்பிரகாசத்தின் தோள், வலை இழுத்து நொந்தால், புதினா எண்ணெயில் இரண்டு துளியைத் தேங்காயெண்ணெயில் கலந்து அருமைநாயகி தேய்த்துவிடுவார். தனியே பூசினால் தோல் எரியும். அருட்பிரகாசம் இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கத் தினமும் குளிசை விழுங்குபவர். ஒருநாள் போனில் எதையோ பார்த்துவிட்டு, “தேத்தண்ணிக்கை ரெண்டு சொட்டு விட்டால் கொழுப்புக் கரையுமாம். பிறகென்னத்துக்குக் குளிசை?” என்றார்.

“உங்கடை கொழுப்பு உதுக்கெல்லாம் கரையாது. பூச வந்ததைப் பூசுங்கோ. டொக்டர் தந்ததை விழுங்குங்கோ.”

போன மார்கழியில் கடும் காற்று. ஒரு கிழமையாகப் படகுகள் இறங்கவில்லை. அருட்பிரகாசம் என் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கறிச் சட்டியோடு வந்த அருமைநாயகி அவரைத் தாண்டினார், நின்றார், திரும்பிவந்து அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தருகே குனிந்தார்.

“என்னடி செய்யிறாய்? அண்ணை இருக்கிறார்!”

“தோளிலை மணக்கேல்லை. ரெண்டு தொடையும் புதினா மணக்குது. களவாப் பூசினனீங்களோ?”

“நாய்க்கும் உந்த மூக்கு இல்லையப்பா. கொஞ்சம் உளைவு. வலை இழுத்தது.”

“கரையிலை கிடக்கிற மனிசனுக்கு என்ன வலை?”

அவர் சிரித்தார். அருமைநாயகி சிரிக்கவில்லை. “உந்தக் குளிசை போடேக்கை தசை நொந்தால் உடனை வரச்சொல்லி டொக்டர் சொன்னவரெல்லே? நீங்கள் எண்ணெயைப் போட்டு மூடுறியள். சலம் போகேக்கை என்ன நிறம்?”

அருட்பிரகாசம் என்னைப் பார்த்தார். பிறகு பேப்பரைப் பார்த்தார். “சாயத்தண்ணி மாதிரி, கடும் மண்ணிறம்.”

கறிச்சட்டி என் வாசலிலேயே இருந்தது. ஒரு கையில் குளிசை அட்டை, மறுகையில் எண்ணெய்க் குப்பி, முன்னால் கணவர் என்று அவர் ஓட்டோவில் ஏறியதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வாட்டில் மறித்து வைத்து அந்தக் குளிசையை நிற்பாட்டினார்கள். குளிசையால் தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் ஆளுக்கே ஆபத்து என்றாராம் டொக்டர். எண்ணெயில் பிழையில்லை, நோவை ஒளித்ததுதான் பிழை என்றும் சொன்னாராம். சுகமாகி வந்தபின் வேறு குளிசை கொடுத்தார்கள்.

இப்போது கடலால் வந்ததும், சாப்பாட்டுக்கு முன், அருட்பிரகாசம் முற்றத்தில் தானாகவே வந்து நிற்கிறார். அருமைநாயகி தோளருகே ஒருதரம் மூச்சை இழுக்கிறார். பிறகு கண்ணை மூடி, கருவாட்டுச் சாக்கின் முன் குனிவது போலவே, மெல்லக் குனிகிறார்.