சுருட்டு வாசனைக்கு எஸ்டிமேட்

அந்த வெள்ளைக் காரின் டிரைவர் சீட்டில், தலை சாயும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. லாஸ்பேட்டையில் நான் வேலை செய்யும் கார் கிளீனிங் கடையில் அதைப் போக்க எவ்வளவு ஆகும் என்று பலமுறை விலை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அதைத் துடைத்ததில்லை.

கழுவுவது மற்றவர்கள் வேலை. எஸ்டிமேட் போடுவது என் வேலை. வெளியே இருக்கும் கீறல், மங்கல் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே அப்படியில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றி, கதவைச் சாத்தி, ஏசி போடாமல் சற்று நேரம் உட்கார வேண்டும். அப்போதுதான் கார் வாயைத் திறக்கும். மீன் பை ஒழுகியதா, குழந்தை வாந்தி எடுத்ததா, மழைத் தண்ணீர் மிதியடிக்குக் கீழே தங்கிவிட்டதா, எல்லாவற்றையும் மூக்கு சொல்லிவிடும். முதலாளி என்னை 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குக் கோபமும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு.

மதாம் முதலில் வந்தது ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டவுனில் எல்லோருக்கும் அவர் மதாம்தான். கணவர் இறந்துவிட்டார், மகள் பாரீசில். கார் ஓட்டத் தெரியாது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால், மதாமும் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வார். கஸ்டமர் யாரும் அப்படிச் செய்வதில்லை. "என்ன வாசன வருது, சொல்லுப்பா" என்பார். சுருட்டு, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் தைலம் என்று குறைகளை அடுக்குகிற தொனியிலேயே சொல்வேன். கண்ணை மூடிக் கேட்பார். பிறகு விலையைக் கேட்டுவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்று போய்விடுவார்.

மறுபடி வந்தார். மறுபடியும். சும்மா விலை கேட்டு உயிரை வாங்குகிறாரே என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் பொறுக்காமல், "மதாம், செய்யறதா இல்லயான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "காய்ச்சல் வந்தப்ப எனக்கு மூக்கு போயிடுச்சுப்பா. காபியே வெந்நி மாதிரிதான் இருக்கு. அவரு வாசன இந்த வண்டியிலதான் மிச்சம். இருக்கா, போயிடுச்சான்னு எனக்குத் தெரியல. வேற யாரப் போயி கேக்கறது?"

அடக் கடவுளே என்றிருந்தது. எனக்கும் முத்தியால்பேட்டையில் ஒற்றை அறைதான். விலையைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதன்பின் மதாம் எப்போது வருவார் என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். மூடிய காருக்குள் வியர்த்து வழிய, யாரோ வரப்போகிறார் என்பதுபோல இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.

போன மழைக்குப் பிறகு வந்தபோது உள்ளே பூஞ்சண வாடை மட்டும்தான். எவ்வளவு இழுத்துப் பார்த்தும் வேறு எதுவும் இல்லை. அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். "இருக்காரு மதாம். சுருட்டுதான் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"டாக்டர் எத்தினி வாட்டி சொன்னாரு! இப்பத்தான் வுட்டாரா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் அவர் கடைசியாக வந்தது.

இந்த வாரம் மகள் காரைக் கொண்டுவந்தார். அம்மாவை அடக்கம் செய்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. வண்டியை விற்க வேண்டுமாம், உள்ளே எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டுமாம். வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்தேன். தலைக்குப் பின்னால் அதே கறை. பூஞ்சணத்தையும் மீறி, இடப்பக்கத்து சீட்டிலிருந்து முகப் பவுடரும் இருமல் மிட்டாயும் கலந்து ஒரு வாசனை வந்தது. அவர் பக்கத்தில் இருந்த நாட்களில் இதை நான் கவனித்ததே இல்லை. சொல்லலாம் என்று திரும்பினேன்; சீட்டு காலியாக இருந்தது.

நான் இறங்கியதும், "எவ்ளோ ஆவும்?" என்றார் மகள். விலை நாக்கு நுனியில் இருந்தது.

"சொல்றேம்மா. மொதல்ல நீங்க உள்ள ஏறி கதவ சாத்திக்குங்க. கண்ணாடிய எறக்காதீங்க."

புரியாமல் பார்த்தார். ஆனாலும் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் கண்ணை மூடி, தலையை அந்தக் கறையின் மேல் சாய்த்தார். நான் வெயிலில் நின்றேன். இந்தத் தடவை, என்ன வாசனை வருகிறது என்று என்னை யாரும் கேட்கவில்லை.