புதன்கிழமை பாஸ்தா

என் தங்கை வீணாவின் கணவர் பத்ரிநாத் அலுவலகத்தில் புரட்சிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவரேதான். பெங்களூர் மல்லேஸ்வரத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, அல்சூரில் மீன் தின்னும் குடும்பத்தில் பெண் எடுத்த கதை அது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டியில் புதிதாக யார் ஏறினாலும் அதைச் சொல்லுவார். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் அதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புரட்சியைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிடுவார். உள்ளே அவருடைய அம்மா அலர்மேல்மங்கை இருந்தார். கல்யாணமான வாரமே பத்ரிநாத் வீணாவிடம் சொல்லிவிட்டார்: மீன் குழம்பு என்ற பேச்சே கூடாது, அம்மா தாங்கமாட்டாள். தாங்குவாளா என்று அம்மாவிடம் கேட்டாரா? கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சலுகை தந்தார். அப்போதுதான் அம்மா புதன்கிழமை மாலைகளில் பெருமாள் கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். அவர் திரும்புவதற்குள் லேசாக ஒரு மீன் பாஸ்தா செய்துகொள்ளலாம். ஏதோ வீடியோவைப் பார்த்து முறையையும் பத்ரிநாத்தே வகுத்தார். முள்ளும் தோலும் நாற்றமும் இல்லாத, உறையவைத்த பாசா மீன் துண்டு. ஒரு அடுப்பில் ஸ்பகெட்டி வேகும்போதே இன்னொன்றில் ஆலிவ் எண்ணெய், மெலிதாக நறுக்கிய பூண்டு, கிள்ளிய மிளகாய். அதில் மீனை வதக்கி உதிர்த்து, வெந்த ஸ்பகெட்டியையும் அது வெந்த தண்ணீர் ஒரு கரண்டியும் சேர்த்துக் கிளறி, எலுமிச்சை பிழிந்து இறக்கினால் முடிந்தது. புளி கிடையாது, மஞ்சள் கிடையாது. சாப்பிட்டவுடன் எல்லா ஜன்னல்களையும் திறந்து ஊதுவத்தி ஏற்ற வேண்டும். வாணலியைக் கழுவி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டும். அம்மா கேட்டால் பன்னீர் பாஸ்தா.

அவரும் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு மீன் தின்பதையும் புரட்சிக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

"மீன் இல்லக்கா அது. மீனோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ" என்பாள் வீணா. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து அயிலைக் குழம்பை முள் விடாமல் உறிஞ்சுவாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

போன வருஷம் டெங்குவில் போய்விட்டாள்.

முதலாண்டுக் காரியங்களைப் புரோகிதரை வைத்து அவர்கள் முறைப்படி முடித்தார்கள். எங்கள் பக்கத்தில், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதை இலையில் படைத்துக் கும்பிட்டு, அதை வீட்டார் சாப்பிடுவோம். அவள் வாழ்ந்த வீட்டில் அப்படி ஒரு படையல் வைக்க வேண்டும், அயிலைக் குழம்பை நானே கொண்டுவருகிறேன் என்று பத்ரிநாத்திடம் போனில் கேட்டேன். குழம்பு வேண்டாம், வாசனை சுவரில் ஏறிவிடும், அம்மா இருக்கிறாள் என்றார். நானே பாஸ்தா செய்கிறேன், வீணாவுக்கு அதுதான் உயிர் என்றார்.

ஏழு வருஷம் கூட இருந்தவர் தெரிந்துகொண்டது அவ்வளவு. சரி என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் தங்கை மீன் தின்பவள் என்று அந்த வீட்டுக்குள், அவள் போட்டோவுக்கு முன்னால், அந்த மனிதர் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

படையலுக்குக் குறித்த புதன்கிழமை மாலை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். போட்டோவுக்கு முன்னால் இலை போட்டோம். வெளிறிய பாஸ்தா அதில் சுருண்டு கிடந்தது. மேலே கொத்தமல்லி மட்டும் அழகாகத் தூவியிருந்தார். அலர்மேல்மங்கை மாமி கோயிலுக்குப் போகாமல் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா அது, பத்ரி?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கற்பூரத்தைப் பார்த்தார்.

"பன்னீர் பாஸ்தாம்மா."

"பன்னீர்னா எனக்கும் கொஞ்சம் வை. மாட்டுப்பொண்ணை நினைச்சுண்டு சாப்பிடறேன்" என்று மாமி கையை நீட்டினார்.

பத்ரிநாத் என் பக்கம் திரும்பினார். அம்மாவின் வாயில் மீன் போகாமலிருக்க நான் உண்மையைச் சொல்லிவிடுவேன், தான் சொல்லாமல் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கையை மாமியும் மடக்கவில்லை.

"வேணாம்மா. அதுல... முட்டை போட்டிருக்கேன்."

முட்டை. மீனை மறைக்க முட்டையை ஒத்துக்கொண்டார். அவரால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

மாமி கையை மடியில் வைத்துக்கொண்டார். மகனை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"வந்த மாசமே எங்கிட்ட சொல்லிட்டா, காந்தா. மீன் சாப்பிடாம இருக்க முடியலைம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமான்னு கேட்டா. நான் இல்லாதப்போ பண்ணிக்கோன்னேன். புதன்கிழமை கோயில் அதுக்குத்தான். இவன் என்னமோ தான் கண்டுபிடிச்ச வழின்னு நினைச்சுண்டிருக்கான்."

மாப்பிள்ளையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவதான் வேணாம்னா. பாவம்மா, அவருக்குன்னு இருக்கிற தைரியம் அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கவேணாம்னா."

எனக்குக் கூட அவள் இதைச் சொல்லவில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமி எழுந்து குடையை எடுத்தார். "நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன். ரெண்டு பேரும் நிதானமா சாப்பிடுங்கோ. அடுத்த தடவை அந்தக் குழம்பையே கொண்டுவா."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். படைத்ததைச் சாப்பிட்டாக வேண்டும், உட்கார்ந்தேன். உப்பே இல்லை. எதிரில் போட்ட தட்டு காலியாகவே இருந்தது. பத்ரிநாத் அறை அறையாகப் போய் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்.