விமானத்துக்கு வைத்த பொட்டு

தவச்செல்வனைக் கவனமில்லாதவன் என்று யாராவது சொன்னால் அது பொய். சுவிஸில், பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருடமாக அவன் சாப்பிட்ட சோறு, ஊசிமுனைத் துவாரத்துக்குள் கிடக்கும் தூசியைக் கண்டுபிடித்து ஊதி எடுத்த சோறு. அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது.

சின்ன வயதில், யாழ்ப்பாணத்தில், வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடிப் படுத்த பிள்ளை அவன். அந்தப் பிள்ளை வளர்ந்து ஏன் விமானம் கட்டப் போனான் என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். பீலுக்கு வெளியே, புல் ஓடுபாதை ஒன்றின் ஓரத்துக் கொட்டகையில், பதினொரு வருடம் சனி ஞாயிறு பாராமல் மரத்தையும் துணியையும் ஒட்டி ஒட்டி ஒரு சின்ன விமானத்தைக் கட்டி எழுப்பினான். அது பறக்கவும் செய்தது.

மனைவி யசோதரா ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. "உங்கட இளையதாரம் எப்பிடி இருக்கிறா? சாப்பிட்டவவோ?" என்று ஞாயிறு இரவுகளில் சோற்றைக் கொட்டிக்கொண்டு கேட்பாள். அவனும் பேசாமல் சாப்பிடுவான். பேசாமலிருப்பது அவனுடைய பழைய வியாதி.

விமானத்தில் ஒரு குறை இருந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் சிறகு காற்றைக் கைவிட்டுவிடும். அதனால் வேகமாகவே வந்து இறங்கவேண்டும், புல்பாதையோ குட்டை. சிறகின் முதுகில் விரல்நகம் போன்ற தகரத் துண்டுகளை வரிசையாக ஒட்டினால் மெதுவாகவும் பறக்கும் என்று அவன் படித்தான். படித்ததும் ஒட்டிவிடவில்லை. ஹெர் றூயெக்கிடம் போனான்.

றூயெக் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். அவருடைய கையெழுத்து இல்லாமல் எந்த மாற்றத்தையும் பறந்து பார்க்க முடியாது. அந்த வட்டாரத்தில் கையெழுத்துப் போட வேறு ஆளும் இல்லை. மனுசன் கல்லு. "ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம்," என்று டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், சொல்லுவார். "மாற்றினதைக் கொப்பியில் எழுது. ஆளைக் கொல்லுவது எழுதாத மாற்றம்தான்." தனியாகத்தான் பறக்கவேண்டும், முதுகில் பரசூட் வேண்டும், காற்றில்லாத காலை வேண்டும். எல்லாவற்றுக்கும் தவச்செல்வன் தலையாட்டினான். துண்டுகளை ஒட்டி, ஏழு மாதம் தரையிலேயே ஓட்டி ஓட்டிக் கொப்பியில் எழுதினான்.

பறக்கிற நாள் வைகாசியில் ஒரு சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு யசோதராவும் வெளிக்கிட்டு நின்றாள், சீலையோடு, கையில் பூசைத் தட்டத்தோடு.

"இஞ்சேருங்கோ, நானும் வாறன். புதுசா என்னவோ பூட்டியிருக்கிறியளாம். ஒரு தேங்காய் உடைக்காமல் ஏறுறதோ?"

பதினொரு வருடத்தில் முதல் தரம். அவன் தட்டத்தை வாங்கிக்கொண்டு கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

சில்லுகளின் கீழே அவள் தேசிக்காய் வைத்தபோது றூயெக் சிரித்தார். "இதையும் எழுதவேண்டுமா, தவா?" என்றார். "நசிந்துபோகும், நிறையில்லை," என்றான் இவன். மூவரும் சிரித்தார்கள். அவன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். உடம்பின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஊசித்துவாரம் இருக்கும். அதனூடே போகிற காற்றுத்தான் வேக முள்ளுக்கும் உயர முள்ளுக்கும் கணக்குச் சொல்லும். இரண்டும் சுத்தம். றூயெக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்க்கப் போனார்.

அவன் ஏறி உட்கார்ந்து பட்டியைப் பூட்டும்போதுதான் யசோதரா சந்தனமும் குங்குமமும் எடுத்தாள். இடப் பக்கம் ஒரு பொட்டு, சுற்றிப் போய் வலப் பக்கம் ஒரு பொட்டு.

"ஒரு பக்கம் மட்டும் வைச்சால் குறை," என்றாள்.

இடப் பக்கத்துப் பொட்டை அவன் கண்டான். நல்ல தடிப்பான சந்தனம். துவாரத்துக்குப் பக்கத்திலா, மேலேயா? இறங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் மனைவி கண்முன்னே அவள் வைத்த பொட்டை எந்தக் கையால் அழிக்கிறது? எங்கள் சனத்தில் பொட்டை அழிக்கிறது என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அதுவும் அவன் பறக்கப் போகிற நேரத்தில். பக்கத்திலேதான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எஞ்சினை இயக்கினான்.

விமானம் எழும்பியது. வீடுகள் தீப்பெட்டியாகின. உயர முள்ளு தரையிலேயே நின்றது. வேக முள்ளோ ஏற ஏறக் கீழே விழுந்தது. தகரத் துண்டுகள்தான் சதி செய்கின்றன என்று பயந்து மூக்கைத் தாழ்த்தினான். காற்று கத்தியது, மரம் நடுங்கியது. அப்போதுதான் விளங்கியது, பொட்டு இரண்டும் துவாரத்தை அடைத்துவிட்டன. இனி முள்ளை நம்பக்கூடாது. இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, பயத்தில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினான். புல்பாதை முடிந்தும் விமானம் நிற்கவில்லை. வாய்க்காலில் விழுந்து முன்சில்லு முறிந்தது, புரொப்பெல்லர் சிதறியது. அவனுக்குக் கீறல்கூட இல்லை.

றூயெக் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஆளைத் தடவிப் பார்த்தார். பிறகு விமானத்தின் பக்கத்தைப் பார்த்தார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது எப்போது வந்தது?"

"நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு."

"நீ கண்டாயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கண்டேன்," என்றான்.

கிழவர் கொப்பியை நீட்டினார். அவன் எழுதினான்: இரண்டாவது மாற்றம், சந்தனம், விமானி அறிந்திருந்தும் சொல்லவில்லை. அவர் வாசித்துவிட்டு மூடினார்.

"தெரியாமல் செய்கிறவனுக்குப் படிப்பிக்கலாம், தவா. தெரிந்துகொண்டு வாய் மூடியிருக்கிறவனுக்கு நான் இனிக் கையெழுத்துப் போடமாட்டேன்."

பதினொரு வருடம் அந்த ஒரு சொல்லோடு போயிற்று. முறிந்த சில்லைத் திருத்தினாலும் அவர் பார்த்துச் சொல்லாமல் அது எழும்பாது. தகரத் துண்டுகள் நல்லதா கெட்டதா என்பதுகூடத் தெரியாமலே போயிற்று.

காரில் வரும்போது யசோதரா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தியளோ? அந்தப் பொட்டாலதான் உயிர் தப்பினியள்."

அவன் வாயைத் திறந்தான். அவள் தாலியை இன்னும் கையிலிருந்து விடவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை. ஐயர் சந்தனம் கொடுத்தார். அவன் அதை விரலில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"என்னப்பா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வையுங்கோவன்."

வைத்துக்கொண்டான்.