ஸ்டூடியோக்காவின் ஃபுல் ஃப்ரேம்

ஸ்டூடியோக்காவுக்கு வாழ்க்கையில் பேராசை என்று ஒன்று இருந்ததென்றால் அது ஃபுல் ஃப்ரேம் கேமராதான். நகைநட்டு கேட்டவள் இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து வீட்டார்தான் ஓய்ந்துபோனார்கள். நாற்பதைத் தாண்டியும் தம்பி வீட்டு மாடியறையில் தனியாக இருந்தாள். "அண்ணி, சோறு திங்கும்போதுகூட கேமரா பேச்சுதானா? பேசாம அதையே கட்டிக்குங்க" என்று தம்பி மனைவி கிண்டலடிப்பாள். "கொண்டாந்து குடு, கட்டிக்கிறேன்" என்பாள் இவள்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. கடைகள் நெருக்கியடித்த ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் அவளுடைய ஸ்டூடியோ. நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அறை. பாஸ்போர்ட் படத்துக்குப் போதும். குடும்பப் படத்துக்கு? ஃபிலிம் காலத்தில் அதுவும் அடங்கியது; சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்துவிடுவாள். டிஜிட்டல் வந்தபோது, ஃபிலிம் அளவுக்கே காட்சியை வாங்கிக்கொள்ளும் ஃபுல் ஃப்ரேம் எட்டாத விலை; கையில் இருந்த காசுக்குச் சின்ன சென்சார் கேமராதான் கிடைத்தது. உயிராக வைத்திருந்த பழைய லென்ஸை அதில் மாட்டினால் காட்சியின் நடுப்பகுதி மட்டும்தான் விழும். ஓரத்தில் நிற்கிற சித்தப்பா, சித்தியெல்லாம் அம்போ. சரியென்று அகலமான லென்ஸ் ஒன்றை வாங்கி மாட்டினாள். எல்லோரும் விழுந்தார்கள், வாஸ்தவம். ஆனால் ஓரத்தில் நின்ற ஒரு மாமியாருக்குக் கன்னம் உப்பிப்போய், அந்தம்மாள் படத்தோடு சண்டைக்கே வந்துவிட்டார். அத்தோடு அந்த லென்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

வேறு வழி? பின்னால் போவதுதான். கதவை விரியத் திறந்துவைத்து, வராந்தாவைத் தாண்டி, எதிர்க்கடைக்குள் முதுகால் நுழைந்து, அங்கிருக்கும் இஸ்திரி மேசையில் சாய்ந்து நின்றால் குடும்பம் முழுசாக வரும். எதிர்க்கடை டெய்லருடையது. மனைவியை இழந்து பல வருஷமான மனிதர். இவள் முதுகு தெரிந்ததுமே மெஷினை நிறுத்துவார், மேசைத் துணிகளை ஒதுக்குவார், வராந்தாவில் குறுக்கே வருகிறவர்களை, "கொஞ்சம் நில்லுங்க சார், சிரிச்சிட்டிருக்காங்க" என்று தடுத்துவைப்பார். எல்லோருக்கும் அக்காவாக இருப்பவளை அவர் மட்டும் மேடம் என்பார்.

"என் கடைல என்னைவிட நீங்கதான் மேடம் அதிகம் நிக்கறீங்க."

"ஃபுல் ஃப்ரேம் வரட்டும் டெய்லர். அப்புறம் உங்க பக்கமே எட்டிப்பாக்க மாட்டேன்."

"வரட்டும், வரட்டும். எனக்கும் நிம்மதி."

படம் எடுத்து முடிந்தாலும் பேச்சு முடியாது. ஒரு டீயைக் குடித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

புது கேமராவின் விலையைக் கேட்டாலே அவளுக்குத் தலை சுற்றும். கடைசியில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் ஒருவர் புது மாடலுக்கு மாறினார். அவருடைய பழைய ஃபுல் ஃப்ரேம் அவள் கைக்கெட்டும் விலையில் வந்து சேர்ந்தது. அங்கங்கே பெயின்ட் உரிந்திருந்தது. இருந்தால் என்ன? பழைய லென்ஸை மாட்டிக் கண்ணில் வைத்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஒரு குடும்பம் வந்தது. பெரியவர், மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். நிற்கவைத்து, முகவாய்களைத் திருத்தி, கேமராவைத் தூக்கினாள். இந்தக் கால்கள் இருக்கின்றனவே, அவை யாரைக் கேட்டன? விறுவிறுவென்று பின்னால் போய் டெய்லர் கடை மேசையில் சாய்ந்தாள். அவரும் மெஷினை நிறுத்தித் துணியை ஒதுக்கினார். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. படத்தைப் பார்த்தால் குடும்பம் நடுவில் பொடிப்பொடியாக நிற்கிறது. சுற்றிலும் இரண்டு கதவு, தொங்கும் கால்சட்டைகள், ஓரத்தில் டெய்லரின் தோளும் காதும்.

வந்து எட்டிப்பார்த்த பெரியவர், "யாரும்மா இது, எங்க வீட்டுக்குப் புதுசா ஒரு மாப்பிள்ளை?" என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

"அதான் ஃபுல் ஃப்ரேம் வந்திருச்சே மேடம், உங்க ரூம்லயே எடுங்க" என்றார் டெய்லர். தன் அறைக்குள் நின்றே எடுத்தாள். ஒருத்தர்கூட வெட்டுப்படவில்லை.

அதன் பிறகு வராந்தாக் கதவைச் சாத்திக்கொண்டே வேலை நடந்தது. படங்கள் ஒன்றையொன்று மிஞ்சின. சந்தோஷப்படத்தானே வேண்டும்? பட்டாள். ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் படியிறங்கியபின் அறை வெறிச்சென்று கிடந்தது. எதிரே தையல் மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போக இருந்த ஒரே சாக்கையும் நாமே காசு கொடுத்து ஒழித்துக்கட்டிவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த மனிதர்தான் ஆகட்டும், ஒரு எட்டு வந்து பார்த்தால் குறைந்தா போய்விடுவார்? எரிச்சல் தணிந்ததும் பயம் வந்தது. நிஜமாகவே அவருக்கு நிம்மதியாக இருந்துவிட்டால்?

ஒரு மத்தியானம் கேமராவை உள்ளே வைத்துவிட்டு, வெறுங்கையோடு, நேர்முகமாக நடந்து எதிர்க்கடைக்குள் போனாள். டெய்லர் பதறி எழுந்து துணிகளை வாரினார்.

"மறுபடியும் மறந்துட்டீங்களா மேடம்? எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

"அப்புறம்?"

"நான்தான் வந்திருக்கேன்."

டெய்லர் வாரிய துணிகளைத் திரும்ப மேசையிலேயே வைத்தார்.

"எனக்கு அங்க வர ஒரு காரணமும் கெடைக்கல மேடம்" என்றார் மெதுவாக. "ரெண்டு தடவ உங்க கதவுவரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."