நாங்கள் சாப்பிடாத முட்டை

என் மகளுக்குக் கொடுக்கத் துணியாத முட்டையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன். குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனதும், நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம் என்று பொய் சொன்னேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்.

கோழி வளர்ப்பது எனக்குப் புதிது. கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் என் நாத்தனார் போன வருஷம் நான்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கூடையில் போட்டுக் கொடுத்தாள். அவை வளர்ந்து முட்டையிட ஆரம்பித்ததும் என் நிம்மதி போயிற்று. ஒரு முட்டை ஓடே இல்லாமல் வெறும் சவ்வாக இருந்தது. இன்னொன்றை உடைத்தால் கருவில் இரத்தப்புள்ளி. சாப்பிடலாமா, கூடாதா? கழுவி வைக்கலாமா? இந்த வெயிலுக்கு எவ்வளவு நாள் தாங்கும்? செல்போனில் தேடினால் ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுப்பார். என் கணவர் செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குச் சாயம் பூசிவிட்டு அலுத்து வருபவர். கோழிக்கே இவ்வளவு கவலை இருக்காது என்பார்.

ஆனால், வெளியில் நான் காட்டிய முகம் வேறு! பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்காவிடம், கடை முட்டையெல்லாம் ஒரு முட்டையா என்று பெரிதாகப் பேசுவேன். அவருடைய மகனுக்குத் திருப்பூரில் வேலை. மருமகள் ஜெனிஃபரும் இரண்டு வயதுப் பேரனும் அக்காவோடு இருந்தார்கள். பேரனுக்கு இனி உன் வீட்டு முட்டைதான் என்று அக்கா சொன்ன அன்று எனக்கு எத்தனை பெருமை!

சித்திரையில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள், கொல்லையில் கணவர் அடுக்கி வைத்திருந்த, பொம்மை வார்க்கும் பழைய பிளாஸ்டர் அச்சுகளின் சந்தில் முட்டைகள் குவிந்துகிடப்பதைக் கண்டேன். எப்போது இட்டவையோ...

வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். புதிய முட்டை அடியில் படுக்கும், கெட்டது மிதக்கும் என்று படித்திருந்தேன். மிதந்தவற்றைப் புதைத்தேன். இரண்டு மட்டும் மிதக்கவும் இல்லை, படுக்கவும் இல்லை. அடியைத் தொட்டபடி நெட்டுக்குத்தலாக நின்றன. அன்று மகள் ஆம்லெட் கேட்டாள். தோசை ஊற்றிக் கொடுத்தேன். பார்த்தீர்களா... அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது!

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து, பேரன் அழுகிறான், முட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? இவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரே என்ற பயம். அந்த இரண்டையும் துடைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் குழந்தைக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது, சாப்பாட்டில் ஏதோ சேரவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டிலருகே அக்கா, குழந்தைக்கு என்ன கொடுத்தாய் என்று மருமகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாக வேகவைத்துத்தான் கொடுத்தேன் என்று ஜெனிஃபர் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, முட்டை பழசாக இருந்திருக்குமோ என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"எங்க வூட்லயும் அதே முட்டைதாங்க்கா. எம்பொண்ணு சாப்ட்டா. ஒண்ணும் ஆவல."

எவ்வளவு சுலபமாக வந்தது! அக்காவின் பார்வை ஜெனிஃபர் பக்கம் திரும்பியது.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தான். ஆனால் அடுப்படி ஜெனிஃபருடையதாக இல்லை. குழந்தைக்குச் சமைப்பதும் ஊட்டுவதும் அக்காதான். மகன் போனில் கத்தினான் என்றும், பெண்ணாடத்திலிருந்து ஜெனிஃபரின் அம்மா வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார் என்றும் அக்காவே என்னிடம் சொன்னார். நான் 'உம்' கொட்டினேன்.

முட்டைதான் காரணமா? எனக்குத் தெரியாது. தண்ணீராக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம்... இந்தக் கேள்வியின் பின்னால் பலநாள் ஒளிந்துகொண்டேன். ஆனால் என் பொய்யில் என்ன சந்தேகம்?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அக்கா டீ கொடுப்பார். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். களைத்துப் போனேன்... சொல்லவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

போன வாரம் கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜெனிஃபர் தானாக வந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, நீங்க முட்டைய எவ்ளோ நேரம் வேவ வைப்பீங்க? எனக்குச் சரியா சொல்லிக் குடுங்க. எம்மேலதான் தப்பு இருக்குது போல."

அவளே நம்பிவிட்டாள்! இதைவிட நல்ல சமயம் எனக்கு எப்போது வரும்? வாயைத் திறந்தேன்...

"தண்ணி கொதிச்சப்பறம் பத்து நிமிஷம்" என்றேன்.

அவள் மறந்துவிடாமல் இருக்க அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "போயிட்டு வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் துணி மடித்துக்கொண்டே இருந்தேன்.