கேசட்டில் ஏசியவன்

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். மாதம் இரண்டு கடிதம் தவறாமல் வரும். அந்த வருஷம் ஆடிக்குப் பிறகு இரண்டரை மாதம் ஒன்றும் வரவில்லை. நான் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே என் மாமியார் தறியை நிறுத்திவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையநல்லூரிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து, என் வீட்டுக்காரர் அனுப்பியதாக ஒரு கேசட்டைக் கொடுத்தார். துபாயிலிருந்து லீவில் வந்த யாரோ அவரிடம் சேர்த்தார்களாம். வேறு விவரம் தெரியாது என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. மாமியாரும் நானும் மைக் செட் கடைக்கு நடந்தோம். கடைக்கார அண்ணாச்சி கேசட்டைப் போட்டார்.

என் வீட்டுக்காரர் குரல் வரவில்லை. டம் டம்மென்று கொட்டுச் சத்தம். அதன் மேல் எவனோ ஒருவன் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசினான். ராகம் கிடையாது. யார் மேலோ கடுங்கோபத்தில் இருந்தான்.

“யாருட்டி இவன்? இந்த ஏச்சு ஏசுதான்?” என்று அத்தை கேட்டாள்.

நான் பத்தாவது படித்தவள். அந்த வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘போலீஸ்’ என்ற வார்த்தை மட்டும் இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது. அத்தையிடம் சொல்லவில்லை. இது பாட்டு மாதிரிதான் இருக்கிறது, முன்னால் ஓட்டிப் பார்ப்போமா என்றார் அண்ணாச்சி. ஓட்டினால் மகன் பேச்சு தப்பிவிடும் என்று அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தை முழுசாகக் கேட்டு முடிக்கும்வரை மூன்று பேரும் அசையவில்லை.

கொட்டு நின்றது. கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு அவர் பேசினார்.

“ஏட்டி, பயப்படாத. உயிருக்கு ஒண்ணுமில்ல. சாரத்துலருந்து விழுந்து வலது கை ஒடிஞ்சிட்டு. எழுத முடியல, அதான் பேசுதேன்.”

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறு ஆள் கையெழுத்தைப் பார்த்தால் நாங்கள் பதறுவோம் என்றுதான் யாரையும் எழுதவிடவில்லையாம். அந்தக் கேசட், அவர் அறையில் கூட இருக்கும் சூடான்காரருடையது. மற்றதையெல்லாம் அழித்துப் பேசச் சொன்னவர், முதல் பாட்டை மட்டும் அழிக்க வேண்டாம் என்றிருக்கிறார்.

“எங்களுக்கும் வார்த்தை புரியாது,” என்றார் கேசட்டில். “ஆனா சாயங்காலம் எல்லாரும் அதைத்தான் கேக்கோம். விழுந்த அன்னிக்கு ஃபோர்மேன்ட்ட நான் சொல்ல முடியாததை எல்லாம் அவன் சொல்லுத மாதிரி இருக்கு.”

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கடிதத்தில் எப்போதும் சௌகரியம் என்றுதான் எழுதுவார்.

அத்தையை ஒரு கலர் சோடா குடிக்க வைத்துவிட்டு, அண்ணாச்சியிடம் அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் போட்டார். அதற்கு ஹிப் ஹாப் என்று பெயர், அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் ஆரம்பித்தது என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு, கோபப்படுகிறவன் எங்கள் பக்கம் நிற்கிறான் என்று மட்டும் தோன்றியது.

கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பதிவு செய்து அனுப்பினோம். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: “சம்பாதிச்சது போதும், வந்துருங்க.”

தைக்கு முன்னால் வந்துவிட்டார். கை முழுசாக நீளவில்லை. அதே கையோடு தறியில் உட்கார்ந்தார்.